முதலில் கதவடியைப் பார்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். 1973 எம்.ஜி.பி. ஜி.டி., ஹார்வெஸ்ட் கோல்ட் நிறம், குரோம் பம்பர், கம்பிச் சில்லுகள், ஓவர்டிரைவ். மீற்றரில் 48 ஆயிரம் மைல். கேட்கும் விலை 9,500 பவுண். மிக நன்றாகப் பேணப்பட்ட கார் என்று விற்கிறவர் எழுதியிருக்கிறார். முன்னாலிருந்து, பின்னாலிருந்து, உள்ளே ஸ்டியரிங், மீற்றர்கள், மூடி திறந்த எஞ்சின் என்று வளைத்து வளைத்துப் படம் எடுத்திருக்கிறார். காரின் அடிப்பக்கத்துக்கு மட்டும் ஒரு படம்கூட இல்லை.

உன் அப்பாவும் போன் எடுத்தான். "அண்ணை, அந்தப் பழைய இரும்பு வேண்டாமெண்டு நீங்கள்தான் அவளுக்குச் சொல்லவேணும்" என்றான். பேர்மிங்ஹாமில் கராஜ் நடத்தி ஓய்ந்த மனிதனிடம் போய் இதைக் கேட்கிறானே! மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீ உழைத்த காசு, நீ ஆசைப்பட்ட கார். வாங்கு. நான் சொல்ல வருவது இரண்டு விஷயம். அந்தக் கார் உண்மையிலேயே பேணப்பட்டதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பது ஒன்று. அப்படித்தான் என்றால், வாங்கிய பிறகு நீ அதற்குச் செய்ய நினைத்திருப்பதை ஏன் செய்யக் கூடாது என்பது மற்றது. இரண்டாவதுக்கு நீ கோபப்படுவாய். ஆகவே அதைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

உன் ஒபிஸில் எல்லோரும் ஓட்டுகிற எம்.ஜி. மின்சாரக் கார் ஷாங்காயில் தலைமையகம் உள்ள கம்பனியுடையது. அதற்கும் இதற்கும் பெயரும் எண்கோண முத்திரையும்தான் சொந்தம். நீ பார்க்கிற கார் ஒக்ஸ்போர்ட்டுக்குத் தெற்கே அபிங்டன் என்ற சிறு பட்டணத்தில் செய்தது. 1962இல் திறந்த கூரை எம்.ஜி.பி. வந்தது. 1965இல் அதற்கு நிலையான கூரையும், பின்பக்கம் மேல்நோக்கித் திறக்கும் கண்ணாடிக் கதவும் வைத்து ஜி.டி.யை வெளியிட்டார்கள். அந்தக் கூரையின் வளைவு இத்தாலியின் பினின்ஃபரீனா நிறுவனத்தின் கைவேலை. 'ஏழையின் ஆஸ்டன் மார்ட்டின்' என்று அதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. கேலிக்கு வைத்த பெயர் இல்லை. அபிங்டன் தொழிற்சாலையை நடத்திய ஜோன் தோர்ன்லிக்கு அப்படி ஒரு காரைச் சம்பளக்காரர் வாங்கும் விலையில் விற்க வேண்டும் என்பதுதான் எண்ணமே. வந்தபோது விலை ஆயிரம் பவுணுக்குச் சற்றுக் கீழே நின்றது.

அபிங்டனில் தானாக நகரும் பட்டி கிடையாது. ஒரு கட்ட வேலை முடிந்தால் அடுத்த கட்டத்துக்கு ஆட்கள் காரைக் கையால் தள்ளிக்கொண்டு போவார்கள். தள்ளித் தள்ளியே ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட எம்.ஜி.பி.களைச் செய்து முடித்தார்கள். அதில் ஒன்றேகால் லட்சம் அளவில் ஜி.டி. 1980 ஒக்டோபரில் தொழிற்சாலையை மூடினார்கள். ஐந்து லட்சம் என்ற எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள், விலைப் பேச்சில் அது வேண்டிவரும்.

வி8 எஞ்சின் போட்ட ஜி.டி.யைத் தேடலாமா என்று கேட்டிருந்தாய். 1973க்கும் 76க்கும் இடையில் 2,591 கார்தான் செய்தார்கள். விலை எங்கேயோ நிற்கிறது, விட்டுவிடு. 1974 கடைசியில் அமெரிக்கச் சட்டத்துக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் வைத்துக் காரையும் உயர்த்தினார்கள். அவை வளைவுகளில் கொஞ்சம் சாயும், பார்க்கவும் லட்சணம் குறைவு. அதனால் விலையும் குறைவு. காசு போதாதவர்கள் அதை வாங்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. உனக்குக் கிடைத்திருப்பது குரோம் பம்பரின் கடைசிக் காலத்துக் கார். தெரிவு நல்ல தெரிவுதான்.

பார்க்கப் போவதானால் மழையில்லாத நாளில் போ. நனைந்த பெயின்ற் எல்லாக் குறையையும் மறைக்கும். எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முதல் நாளே போனில் சொல்லு. போய் இறங்கியவுடன் எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வை. சூடாக இருந்தால், குளிரில் ஸ்ராட் பண்ணும்போது வரும் புகையையோ சத்தத்தையோ உனக்குக் காட்ட அவருக்கு விருப்பமில்லை என்று வைத்துக்கொள். பழைய உடுப்பு போட்டுக்கொண்டு போ. ஒரு ரோச், ஒரு சின்னக் காந்தம், காந்தத்தைச் சுற்ற மெல்லிய துணி, இவ்வளவும் போதும்.

காரைச் சுற்றி நடந்து அழகு பார்ப்பது பிறகு. முதலில் முழங்காலில் இருந்து கதவுக்குக் கீழே பார்.

எம்.ஜி.பி.க்குத் தனியாக ஒரு சஸி கிடையாது. உடம்பே சஸி. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவே, கதவின் அடியில் நீளமாக ஓடும் இரும்புப் பெட்டிதான் முழுக்காரையும் தாங்குகிறது. கராஜில் அதைச் 'சில்' என்பார்கள். நம்முடைய சில்லோடு குழம்பாமலிருக்க நான் கதவடி என்று எழுதுகிறேன். அதில் வெளித்தகடு ஒன்று, உள்தகடு ஒன்று, இரண்டுக்கும் நடுவே நிமிர்ந்து நிற்கும் தகடு ஒன்று, அடியில் நீளப்பட்டி ஒன்று. நாலும் சேர்ந்தால்தான் பலம். வெளியே நிற்பவர் கண்ணுக்குத் தெரிவது வெளித்தகடு மட்டும்.

குளிர்காலத்தில் இந்த நாட்டில் றோட்டுக்கு உப்புப் போடுகிறார்கள் அல்லவா? அந்த உப்புத் தண்ணீரை முன் சில்லு வாரி மட்காட்டுக்குள் அடிக்கும். அங்கே சேறோடு சேர்ந்து மாதக்கணக்கில் ஈரமாக இருக்கும். அங்கிருந்து கதவடிக்குள் இறங்கி, உள்ளே இருந்து வெளிநோக்கித் தின்றுகொண்டு வரும். வெளித்தகட்டில் ஒரு சின்னக் கொப்புளம் உன் கண்ணில் படும்போது நடுத்தகடு ஏறக்குறைய முடிந்திருக்கும்.

ஒழுங்காகத் திருத்துவதென்றால் முன் மட்காட்டைக் கழற்ற வேண்டும். கார் வளைந்துவிடாமல் முட்டுக் கொடுக்க வேண்டும். நாலு தகட்டையும் வெட்டி எடுத்துப் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும். ஒரு பக்கத்துக்கே ஆயிரம் பவுணைத் தாண்டிவிடும், பெயின்ற் செலவு புறம்பு. இதற்கு ஒரு களவு வழியும் உண்டு. உக்கின கதவடியை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு மேலே புதுத் தகட்டைப் போர்த்தி ஒட்டி, கறுப்புத் தார்ப் பூச்சு அடித்துவிடுவார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கதவடி போர்த்திய காரெல்லாம் என் கராஜுக்கு வந்திருக்கிறது. சொந்தக்காரர் பக்கத்தில் நின்று, தன் கார் எவ்வளவு உறுதி என்று எனக்கு விளக்கிக்கொண்டிருப்பார். ஆகவே அடிப்பக்கம் புதுக் கறுப்பாகப் பளபளத்தால் சந்தோஷப்படாதே, சந்தேகப்படு. பழைய தூசியும் ஒயில் பிசுக்கும் ஒட்டிய அடிப்பக்கம் உண்மை பேசும்.

கதவடியின் கீழ் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே போ. தொழிற்சாலைத் தகடு என்றால் ஒரே இடைவெளியில் சின்னச் சின்னப் பள்ளங்கள் விரலில் தட்டுப்படும். தகடுகளை அழுத்தி ஒட்டிய புள்ளிகள் அவை. நீளமாகப் புடைத்த வெல்டிங் வரி தட்டுப்பட்டால் பிற்கால வேலை. பிற்கால வேலை என்பதற்காக மட்டும் அது கெட்ட வேலை ஆகிவிடாது. யார் செய்தது, எப்போது, படம் இருக்கிறதா என்று கேள். துணி சுற்றிய காந்தத்தை மட்காட்டின் அடியிலும் கதவடியிலும் வைத்துப் பார். பிடிக்காமல் வழுக்கினால் அங்கே இரும்புக்குப் பதிலாகப் பசைப் பூச்சு இருக்கிறது. பிறகு, விற்கிறவரிடம் அனுமதி கேட்டு, ஜாக் வைக்கும் இடத்தில் வைத்துக் காரை ஏற்றச் சொல்லு. கார் ஏற வேண்டும். கதவடி மட்டும் நொறுங்கிக்கொண்டு ஏறினாலோ, கதவுக்கும் பின் மட்காட்டுக்கும் உள்ள இடைவெளி ஒடுங்கினாலோ, நன்றி சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்காமல் புறப்பட்டு வா. ஜி.டி.யில் ஒரு சூது இருக்கிறது. திறந்த கார் என்றால் உக்கினவுடன் கதவு இறுகிக் காட்டிக்கொடுக்கும். ஜி.டி.யில் கூரை தாங்கிப் பிடிப்பதால் கதவு அழகாகவே மூடும். ஆகவே கதவை மட்டும் நம்பாதே.

அடுத்து முன் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள தட்டைத் திற. அந்தக் காலத்துக் கார்களில் அங்கே இரண்டு ஆறு வோல்ட் பற்றரி, இரண்டு இரும்புக் கூடைக்குள் இருக்கும். சிலர் மாற்றி ஒரு பன்னிரண்டு வோல்ட் வைத்திருப்பார்கள், பரவாயில்லை. பற்றரியை விட அந்தக் கூடையைப் பார். அதற்குப் பக்கத்திலேதான் பின் வில்லுத்தகட்டின் முன்முனை உடம்போடு சேருகிறது. அந்த இடம் உக்கினால் அது ஓட்டத் தகாத கார். காற்பாயைத் தூக்கி நிலத்தகட்டை ஸ்குரூட்ரைவரின் பிடியால் தட்டு. உறுதியான இரும்பும் கறள் பிடித்த இரும்பும் ஒரே மாதிரிச் சத்தம் போடாது. அதை நான் எழுத்தில் சொல்லத் தேவையில்லை, காது தானே பிரித்துவிடும்.

முன் விளக்குக்கு மேலே உள்ள மட்காட்டின் முதுகு, முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், பின் கண்ணாடிக் கதவின் அடி விளிம்பு, கதவின் முன்பக்கச் சிறு கண்ணாடிக்குக் கீழே தகட்டில் வரும் வெடிப்பு, இவற்றையும் ஒரு பார்வை பார்த்துக்கொள். முன் மட்காட் போல்ட் போட்டுப் பூட்டியது, கழற்றி மாற்றலாம். பின் மட்காட் வெல்டிங், பெரிய வேலை.

இனிக் கடுதாசிகள். காரின் இலக்கத்தைக் கொடுத்தால் அரசாங்கத்தின் எம்.ஓ.டி. வரலாறு, அதாவது ஆண்டுச் சோதனைப் பதிவு, காசில்லாமல் கிடைக்கும், 2005 முதல் இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் எத்தனை மைல், எதற்குத் தோற்றது, என்ன எச்சரிக்கை என்று வாசித்துப் பார். "கதவடியில் கறள்" என்று ஓராண்டு எழுதி, அடுத்த ஆண்டு அது காணாமல் போயிருந்தால், நடுவில் என்ன செய்தார்கள் என்று கேட்க உனக்கு உரிமை உண்டு. மீற்றரில் ஐந்து இலக்கம்தான். 48 ஆயிரம் என்பது ஒரு லட்சத்து 48 ஆயிரமாகவும் இருக்கலாம். அதுவே குற்றமில்லை. தெரியாமல் வாங்குவதுதான் குற்றம்.

2018 மே மாதத்திலிருந்து, பெரிய மாற்றம் செய்யாத நாற்பது வயதுக் கார்களுக்கு எம்.ஓ.டி. கட்டாயமில்லை. இந்தக் கார் அதற்குப் பிறகு சோதனைக்குப் போகவேயில்லை என்று நீ எழுதியிருக்கிறாய். சட்டப்படி சரிதான். ஆனால் சட்டம் சோதனையைத்தான் விலக்கியது, காரை றோட்டுக்கு ஏற்ற நிலையில் வைத்திருக்கும் பொறுப்பை விலக்கவில்லை. விற்கும் முன் ஒரு எம்.ஓ.டி. செய்து தாருங்கள், காசை நான் தருகிறேன் என்று சொல்லு. அறுபது பவுண்கூட ஆகாது. முகம் மாறினால் அதுவே உனக்குப் பதில்.

கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் அபிங்டனின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. கார் எப்போது செய்தது, எந்த நிறத்தில், எந்த நாட்டுக்கு அனுப்பியது என்று பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். விற்கிறவரிடம் அது இருந்தால் நிறத்தைச் சரிபார். பில்களை வாசிக்கும்போது பெரிய தொகைகளைத் தேடாதே. ஆண்டுக்கு ஒருமுறை ஒயில், கிறீஸ், இரண்டாண்டுக்கு ஒருமுறை பிரேக் எண்ணெய், ஒரு ரப்பர்க் குழாய், ஒரு ரயர் என்று சின்னச் சின்னப் பில்கள் தொடர்ச்சியாக இருந்தால் அந்தக் கார் ஒரு கவனமான மனிதரின் கையில் இருந்திருக்கிறது. இருபது ஆண்டு ஒன்றுமேயில்லாமல், திடீரென்று ஒரே பில்லில் ஆறாயிரம் பவுண் என்றால் எனக்கு அது பிடிக்காது.

எஞ்சினைப் பற்றித்தான் நீ பயப்படுகிறாய். எனக்கு அதில்தான் பயம் குறைவு. 1798 சிசி, பி-சீரிஸ். அதே குடும்பத்து 1489 சிசி எஞ்சின்தான் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜில் இருந்தது, மொரிஸ் ஒக்ஸ்போர்ட்டில் இருந்தது. அங்கிருந்து இந்தியாவுக்குப் போய் அம்பாசடரில் பல்லாண்டு உழைத்தது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் கேம்பிரிட்ஜும் ஏ40உம் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் பண்ண மட்டும் துளிப் பெற்றோல். உன் அப்பாவைக் கேள், அந்தப் புகைக்குள்ளே சைக்கிள் ஓடினவன் அவன். அந்தக் கார்கள் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து உயிர் தப்பவில்லை. ஒவ்வொரு நாளும் ஓடியதாலும், கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒருவர் எல்லா ஊரிலும் இருந்ததாலும் தப்பின. பத்தாண்டு அசையாமல் நின்ற காருக்கு ரப்பர் காயும், பிரேக் சிலிண்டர் இறுகும், பெற்றோல் தாங்கி உள்ளே கறள் கட்டும். குறைந்த மைல் என்பதைப் பெருமையாகச் சொல்லுகிறவர்களை நான் எப்போதும் அரைக் காதால்தான் கேட்பேன்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்ராட் பண்ணச் சொல்லி, பின்னால் நின்று புகையைப் பார். திறப்பைத் திருப்பியதும் பின்பக்கத்தில் பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடித்துவிட்டு நிற்க வேண்டும். நில்லாமல் அடித்தால் எங்கோ ஒழுகுகிறது அல்லது காற்று இழுக்கிறது. நன்றாகச் சூடான பிறகு, ஓட்டத்தில் ஒயில் அழுத்தம் ஐம்பதுக்குக் குறையக் கூடாது. நின்று உறுமும்போது பதினைந்துக்கு மேலே இருந்தால் போதும். எஞ்சினுக்குக் கீழே ரெண்டு சொட்டு ஒயில் இருந்தால் பொருட்படுத்தாதே, அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்களுக்கு அது பிறவிக் குணம். கியர் இரண்டாவதுக்கு இறக்கும்போது கறகறக்கிறதா என்று கவனி. மூன்றிலும் நாலிலும் ஓவர்டிரைவ் சுவிச்சைத் தட்டினால் எஞ்சின் சுற்று உடனே இறங்க வேண்டும். ஐந்து செக்கன் யோசித்துவிட்டு இறங்கினால் அது விலையைக் குறைக்கக் காரணம். அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்து மீண்டும் அழுத்தும்போது பின்னால் 'டொக்' என்று கேட்டால், கம்பிச் சில்லு பொருந்தும் பற்கள் தேய்ந்திருக்கலாம். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் அச்சடித்திருக்கும், வாரமும் ஆண்டும். பூ எவ்வளவு மிச்சமிருந்தாலும் பத்து வயது தாண்டிய ரயர் குப்பை.

நீ ஓட்டும்போது இது உன் அன்றாடக் கார் இல்லை என்பதை உடம்பு உணரும். பவர் ஸ்டியரிங் இல்லை. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், பிரேக்குக்கு ஒரே குழாய்ச் சுற்று. ஏபிஎஸ் இல்லை, காற்றுப்பை இல்லை. சமிக்ஞை விளக்கில் கிளச்சை மிதித்தபடி காத்திருக்கும் பழக்கம் உனக்கு இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். இதில் அதைச் செய்யாதே. கிளச்சின் தாங்கி கிராஃபைட், சீக்கிரம் தேயும். அதை மாற்ற எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும்.

இனி நீ கோபப்படும் பகுதி.

வாங்கியவுடன் இந்த "கடுகு மஞ்சளை" உரித்துவிட்டு பிரிட்டிஷ் ரேசிங் கிரீன் அடிக்கப் போகிறேன், இருக்கைக்குத் தோல் போடப் போகிறேன், ஐந்து கியர்ப் பெட்டி மாற்றப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். செய்யாதே.

1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் எம்.ஜி.பி.யின் முழு உடம்பையும் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். உதிரிப் பாகம் என்று பார்த்தால் ஓர் ஆணி மிச்சமில்லாமல் எல்லாம் கடையில் கிடைக்கும். அதனால் பச்சை நிறம், தோல் இருக்கை, மர ஸ்டியரிங், ஐந்து கியர் என்று நீ ஆசைப்படும் கார் இப்போதே நாடு முழுக்கச் செய்து முடித்தபடி விற்பனைக்கு நிற்கிறது. அதைச் செய்தவர் இருபதாயிரம் செலவழித்திருப்பார், பன்னிரண்டுக்கோ பதின்மூன்றுக்கோ கொடுப்பார். பச்சை வேண்டுமென்றால் அந்த மனிதரின் நட்டத்தை வாங்கு. உனக்கும் லாபம், அவருக்கும் ஆறுதல்.

ஆனால் அபிங்டனிலிருந்து வந்த கதவடியோடு, அதே நிறத்தோடு, அதே துணி இருக்கையோடு இன்னும் ஓடுகிற காரை எந்தக் கடையிலும் ஓடர் கொடுக்க முடியாது. நாலு பேர் தொட்டுத் தேய்ந்த ஸ்டியரிங், வலப்பக்கக் கதவில் பழைய கீறல், காற்பாயின் வெளிறல், இவையெல்லாம் நீ காசு கொடுத்து வாங்கும் பொருளின் பாகம். மேலே புதுப் பெயின்ற் விழுந்த அன்றே, உள்ளே இருப்பது தொழிற்சாலைத் தகடா ஒட்டுவேலையா என்று இனிப் பார்க்க வரும் யாருக்கும் தெரியாது. பத்தாண்டு கழித்து உனக்கே நிச்சயமிருக்காது. அந்த மஞ்சள் எழுபதுகளின் நிறம், அசிங்கம் என்கிறாய். கார் எழுபதுகளில் பிறந்ததுதானே, மகள். அந்தக் காலத்தில் சுவர்க் கடதாசி, சோபா, குசினி ஓடு எல்லாமே அந்தக் கடுகு மஞ்சளும் மண்ணிறமும்தான். நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோதுகூடப் பல வீடுகளில் மிச்சமிருந்தது. எனக்கும் அப்போது பிடிக்கவில்லை. இப்போது றோட்டில் சாம்பலும் கறுப்பும் வெள்ளையும் தவிர வேறில்லாத நேரத்தில், அந்த ஒரு மஞ்சள் கார் போனால் கிழவன் நான் தலை திருப்பிப் பார்க்கிறேன்.

ஒன்றும் தொடக் கூடாது என்று சொல்லவில்லை. உள்ளே மறைந்திருப்பதையும் உயிர் காப்பதையும் மாற்று. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எலக்ட்ரோனிக் இக்னிஷன் வை, பழைய பொயின்ற் செற்றைத் துடைத்துப் பின்பெட்டியில் போட்டுவை. நல்ல இருக்கைப் பட்டி, நல்ல ரயர், புதுப் பிரேக் குழாய். கதவடிக்குள்ளே மெழுகு அடித்துவிடு, கறளைத் தள்ளிப்போடும். எப்போதாவது எஞ்சின் தலையைக் கழற்ற நேர்ந்தால், ஈயமில்லாத பெற்றோலுக்கு ஏற்ற வால்வு இருக்கை போடச் சொல்லு. ஏற்கனவே போட்டிருக்கிறதா என்று பில்லில் பார். கியர்ப் பெட்டி கெட்டால் அதையே திருத்து.

முதலீடு என்று உன் சிநேகிதன் சொன்னதைக் காதில் போடாதே. மேலே சொன்ன எண்ணிக்கைக்கு இப்போது வா. ஐந்து லட்சம் செய்த கார். பாகம் எல்லாம் கிடைக்கும் கார். அதனால்தான் வைத்திருக்கச் சுகம், அதனால்தான் விலையும் பறக்காது. 1961இல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பின் கூரை மூடிய மொடலுக்கு இன்று கொடுக்கும் காசில் ஒரு வீட்டுக்கு முற்பணம் கட்டலாம். எம்.ஜி. அந்த வழியில் போகும் கார் இல்லை. செலவழித்தால் திரும்பி வராவிட்டாலும் நித்திரை வருகிற காசை மட்டும் இதில் போடு.

வைத்திருக்கும் செலவு நீ நினைப்பதை விடக் குறைவு. வரலாற்று வாகனம் என்று பதிந்தால் றோட்டு வரி இல்லை. லண்டனின் யூலெஸ் புகைக் கட்டணமும் இல்லை. பதிவுப் புத்தகத்தில் அந்த வகை எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார். பழைய கார் இன்சூரன்ஸில் பெறுமதியை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதிக்கொள். பெற்றோல் சாதாரணத்தைப் போடாதே. 2021 செப்டெம்பரிலிருந்து அதில் பத்து வீதம் வரை எத்தனோல், பழைய ரப்பரை அரிக்கும். சூப்பர் பம்பில் ஈ5 என்று எழுதியதைப் போடு. ஒயில் 20டபிள்யூ-50. முன் சில்லுகளின் திருகு அச்சுக்கு மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ். அதை மறந்தவர்கள் கையில்தான் இந்தக் கார் கெட்டது. வாரத்துக்கு ஒருமுறையாவது ஒயில் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டு. உப்புப் போட்ட றோட்டில் போனால் வீட்டுக்கு வந்தவுடன் அடிப்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவு.

எனக்குள்ள பெரிய கவலை நிறுத்துமிடம். ஹரோவில் உன் வாடகை வீட்டுக்குக் கராஜ் இல்லை. தெருவில் விட்டால் முதலாவது குளிர்காலத்திலேயே விளைவு தெரியும். பிளாஸ்ரிக் உறை போட்டால் ஈரம் உள்ளே தங்கி இன்னும் மோசம். என் கராஜில் இடமிருக்கிறது என்று சொல்ல ஆசைதான். ஆனால் நூறு மைலுக்கு அப்பால் நிற்கும் காரை நீ ஓட்டமாட்டாய். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், காற்றோட்டமுள்ள, நிலம் காய்ந்த ஒரு கராஜை வாடகைக்கு எடு. கார் அதற்குப் பிறகு.

விலைக்கு வருகிறேன். கதவடி தொழிற்சாலையில் வந்ததாகவே இருந்தால் 9,500 அதிகமில்லை. 9,000 கேள், மறுத்தால் கேட்டதையே கொடு. ஒழுங்காக மாற்றப்பட்டு, பில்லும் வேலை நடந்தபோது எடுத்த படமும் இருந்தால் 8,000. போர்த்து மூடியிருந்தால் 3,000க்கும் வேண்டாம்.

வருகிற சனிக்கிழமை நான் சும்மாதான் இருக்கிறேன். முகவரியை அனுப்பு, என் பழைய ஜாக்கோடு நேரே அங்கே வந்துவிடுகிறேன். இன்னும் மூன்று பேர் பார்க்க வருகிறார்கள் என்று அவர் சொல்லுவார், எல்லோரும் சொல்லுவதுதான். நான் வந்து அடியில் படுத்துப் பார்க்கும் வரை ஒரு பவுண்கூட முற்பணம் கட்டிவிடாதே.

அன்புடன்,
பெரியப்பா